இலை மூட்டை என்று சொன்ன நாள்

நனைந்த மழைக்கோட்டுகளின் ரப்பர் வாசமும், டிபன் பாக்ஸ்களிலிருந்து கசியும் புளிசாத வாசமும், வேன் கண்ணாடியில் படிந்த எங்கள் மூச்சைத் துடைக்க அப்பா வைத்திருந்த பழைய செய்தித்தாளின் ஈர வாடையும் சேர்ந்ததுதான் எனக்கு ஆடி மாதம். அரவேணுவுக்குக் கீழே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் சிதறிக் கிடந்த வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றி, கோத்தகிரிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது அப்பாவின் தொழில். எல்லோருக்கும் அவர் ‘வேன் மாமா’. டிரைவர் மகள் என்பதால் முன் இருக்கை எனக்கு. அந்தப் பெருமையில் நான் வகுப்பில்கூடக் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடம் வேனின் டயர்கள் தேய்ந்து போயிருந்தன. டயரின் வெட்டுகளை எங்கள் பக்கம் ‘பட்டன்’ என்பார்கள். பட்டன் போனால் அது ‘மொட்டை’. பள்ளி வாசலில் பெரிய வகுப்புப் பையன்கள் எங்கள் வண்டிக்கு ‘மொட்டை வேன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மா வாரம் தவறாமல் “மழைக்கு முன்னாடி மாத்திப் போடுங்க” என்பாள். அப்பா “மாத்திக்கலாம்” என்பார். புது டயர் வாங்க வழியில்லை என்பது இருவருக்குமே தெரியும் என்பதால் பேச்சு அதோடு நின்றுவிடும். அதற்குள் மழை வந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை காலை, பனிமூட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று ஒரு லாரி எதிரே வர, அப்பா பிரேக்கை அழுத்தினார். வேன் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் பின்பக்கம் மட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டு போய், சாலையோரத் தேயிலைச் செடிகளில் இடித்து நின்றது. செடிகளுக்குக் கீழே சரிவு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேனுக்குள் ஒரு பிள்ளைகூட அழவில்லை. எல்லோரிலும் சின்னவளான காவ்யா மட்டும், “மாமா, ஸ்கூல் வந்துருச்சா?” என்று கேட்டாள். அவள் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் இலையைத் தூளாக்குவதை மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்தவரின் மகள்.

அரவேணுக் கடைத்தெருவில் அப்பா வண்டியை நிறுத்தி, எல்லோருக்கும் தேன்மிட்டாய் வாங்கி வந்தார். கதவைத் திறந்து, உள்ளே குனிந்து நின்றுகொண்டு சொன்னார்: “கண்ணுங்களா, வண்டி கொஞ்சம் வழுக்கிருச்சு, அவ்வளவுதான். ஊட்ல சொல்ல வேண்டாம். அம்மா பயந்துக்குவாங்க, சரியா?”

பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் என் அப்பா கெஞ்சி நிற்பதைப் பார்க்க முடியாமல் நான் முன்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிட்டாயை வாயில் போடவில்லை. கைக்குள் அது பிசுபிசுத்துப் போயிற்று.

மறுநாளும் வேன் ஓடியது. காவ்யா வீட்டு வாசலில் அவள் அம்மா மட்டும் நின்று, “பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் புறப்பட்டார். வேனை எடுக்கவில்லை, பஸ்ஸில் போனோம். அங்கே பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய சக்கரங்களை விற்கும் ஒரு பாய் கடை இருந்தது. எங்கள் வேனுக்குப் பொருந்தும் நான்கு சக்கரங்கள், டயரோடு, சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பட்டன் நன்றாகவே இருந்தது. அப்பா ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்தார். கறுப்பு மை பூசியதுபோல் பளபளத்த டயரின் பக்கவாட்டில், விரலால் தேய்த்தபோது, தலைமுடி அகலத்தில் வெடிப்புகள் தெரிந்தன. கடைக்காரர் மறைக்கவில்லை.

“பட்டன் இருக்குதுங்க, ரப்பர்தான் பழசு. ரொம்ப நாள் வெயில்ல கெடந்த வண்டி. என்ன ஏத்தறீங்க நீங்க?”

அப்பா டயரிலிருந்து கண்ணை எடுக்காமல், “எல மூட்டைதானுங்க பாய். தோட்டத்துலருந்து ஃபேக்டரிக்கு” என்றார்.

“எல மூட்டைன்னா தாராளமாப் போட்டுக்கலாம். ஆளுங்கள ஏத்தறதா இருந்தா நானே வேண்டாம்னு சொல்லிருப்பேன். மலை மேல மழைல இது பிடிக்காதுங்க.”

காய்கறி இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பும் லாரி ஒன்றில் சக்கரங்களை ஏற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அப்போது கடைக்காரர் சும்மா பேச்சுக்கு என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, நீ ஸ்கூலுக்கு எதுல போற?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. “பஸ்லங்க” என்றேன்.

அப்பாவின் கை பையிலேயே நின்றுவிட்டது. வெறுங்கையை வெளியே எடுத்து, “இருக்கட்டுங்க பாய், அப்புறம் பாக்கறேன்” என்றார். விலைக்காகத்தான் தயங்குகிறார் என்று நினைத்து, “கொறச்சுக்கலாமுங்க, வாங்க” என்று தெருமுனை வரைக்கும் கூப்பிட்டார் அந்த மனிதர். அப்பா திரும்பவில்லை.

பஸ் மலையேறத் தொடங்கிய பிறகுதான் பேசினார். “நான் சொன்னேன் பொய்யி. நீ எதுக்கு சாமி சொன்ன?” அதட்டலாகக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவர் கேட்ட குரலில் அழுகையும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல், “நீயும் வா” என்று என்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக நடந்தார். எல்லா வாசலிலும் ஒரே பேச்சுதான்: வியாழக்கிழமை வண்டி வழுக்கியது, டயர் மொட்டை, வீட்டில் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொன்னது நான்தான், புது டயர் போடும்வரை வேன் வராது. ஒரு வீட்டு அம்மா தெருவே கேட்கும்படி, “புள்ளைங்க உசுரு உங்களுக்கு வெளையாட்டாப் போச்சுங்களா?” என்றார். அப்பா “தப்புதானுங்க” என்றார். சன்னலுக்குப் பின்னால் என் வகுப்புத் தோழி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பு நுனியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக டீமேக்கர் வீடு. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, “பாப்பா அன்னைக்கே சொல்லிட்டாளுங்க. காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்துட்டிருந்தேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டிய வீட்டில்கூட நிமிர்ந்து நின்ற அப்பா, அங்கே தலை குனிந்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் நான் அவருக்கு நாலடி பின்னால்தான் நடந்தேன். எங்களைச் சேர்த்துப் பார்க்கும் கண்கள் எல்லாத் தோட்டத்திலும் இருப்பதுபோல் இருந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க வேன் தார்ப்பாயின் கீழ் நின்றது. அப்பா இன்னொருவரின் இலை லாரியை ஓட்டினார். நான் நிஜமாகவே பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். தை பிறந்த பிறகு புது டயர் வந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர்தான் வந்தார்கள். காவ்யா வரவில்லை.

இப்போது அந்த வேன்கள் இல்லை. பள்ளிகளின் மஞ்சள் பேருந்துகள் தோட்டச் சாலை வரைக்கும் இறங்கி வருகின்றன. மேட்டுப்பாளையத்தில் அந்தக் கடையைத் தேடினால், அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், மாதம் ஒருமுறை ஊருக்குப் போவேன். போன முறை, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த இளம் தம்பதியர் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார்கள். தங்கள் குழந்தையையும் இன்னும் சில குழந்தைகளையும் பேருந்து இல்லாத ஒரு மழலையர் பள்ளிக்கு அழைத்துப் போக ஒரு வண்டி ஏற்பாடு செய்வதாகவும், அவர்தான் ஓட்ட வேண்டும் என்றும் கேட்டார்கள். “வீடு வீடாப் போய் உண்மையச் சொன்னவர்னு எல்லாரும் சொன்னாங்க. உங்கள நம்பி அனுப்பலாமுங்க” என்றாள் அந்தப் பெண்.

அப்பா கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கெழமை போய்ச் சொன்னேன், அதத்தான் ஊர்ல பேசறாங்க” என்றார். “வெள்ளிக்கெழமையும் அதே டயர்ல அந்தப் புள்ளைங்கள ஏத்திட்டுப் போனேனில்ல?”