‘ஏற்கலாம்’ என்று எழுத விடாதவள்

கம்பிக்கு நான் முப்பத்தெட்டாயிரம் பாக்கி வைத்திருந்தேன். மூன்று வருடப் பாக்கி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மூன்றாவது ஆள் யாராவது சொல்லி நான் திருதிருவென்று முழிக்க வேண்டியதில்லை.

கம்பி என்பது ஒரு பெண். எங்கள் கடைத்தெருவில் வீடு வீடாக, கடை கடையாக இணைய ஒயர் இழுக்க வந்தவள். தோளில் கறுப்புச் சுருள், வாயில் ஒயர் முனை, ஏணியின் மேல் படியில் ஒற்றைக் கால். நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். பேர் வைத்தவன் சோறு வைக்காமலா போவான் என்பார்கள். நான் பேரை மட்டும் வைத்தேன். தெருவில் சிலர், “பேரே கம்பி, ஒருநாள் கம்பி நீட்டிடப் போறா, பாத்துக்குங்க” என்று கேலி பேசினார்கள். கடைசியில் கம்பி நீட்டியது அவளில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு. பன்னிரண்டு வயதில் மூட்டை தூக்கினேன். இன்றைக்கு என் பார்சல் ஆபீசில் நாலு வண்டி, பதினொரு பேருக்குச் சம்பளம், அதில் மூன்று பேர் பட்டதாரிகள். என் பெயரைத் தவிர எதை எழுதினாலும் கோழி கிளறியதுபோல இருக்கும். ஆனால் ஒரு மூட்டையைத் தூக்காமலே எடை சொல்வேன், ஒரு ஆளைப் பேசவிடாமலே தரம் சொல்வேன். கம்பி விஷயத்தில் மட்டும் தராசு தப்பிவிட்டது.

அவள் அப்பா தொலைபேசி பழுது பார்த்தவர். மகள் அவருடைய இடுக்கியைப் பிடித்து வளர்ந்தவள். படித்து முடித்ததும் பார்சல் தொழிலை மொத்தமாக வளைத்துப் போட்டிருக்கிற அந்தப் பெரிய கம்பெனியில் ஆறு வருடம் வேலை. கைநிறையச் சம்பளம். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, வெளியாட்களின் கணினி நம் கணினியோடு பேசுகிற வழியை அடைத்துவிடு என்றார்கள். அந்த வழியைப் போட்டதே அவள்தான். அடைக்க மாட்டேன் என்று அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிற அவள் புருஷன் அன்று வீட்டில் சொன்னது ஒரே வாக்கியம்தானாம்: “சரி, இனிமே அரிசி உன் கொள்கையிலயா வேகும்?” சொன்னாரே தவிர, டயர் கடைக்கு மேலே அவர்கள் இருக்கிற ஒற்றை அறையில் துணி தேய்க்கிற பலகையை அவளுக்கு மேசையாகப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். இன்றைக்கும் அந்தப் பலகைதான் அவள் ஆபீஸ். அதற்குப் பிறகுதான் பிழைப்புக்காக எங்கள் தெருவில் ஒயர் இழுக்க வந்தாள்.

பெரிய கம்பெனியைப் பற்றிச் சொன்னால் என் ரத்தம் கொதிக்கும், இருந்தாலும் சொல்கிறேன். எங்களைப் போன்ற சின்ன ஆபீஸ்காரர்கள் ஒரு ஊரில் பார்சல் வாங்கி இன்னொரு ஊரில் கொடுக்க, அங்கே ஒரு ஆபீஸ் வேண்டும். முன்பு போனில் பேசிக்கொள்வோம். கம்பெனி நடுவில் வந்து, “எங்க ஆப்ல போடுங்க, நாங்க சேத்து வைக்கிறோம்” என்றது. சேர்த்து வைத்தது. ஒவ்வொரு ரசீதுக்கும் நூற்றுக்குப் பதினெட்டு எடுத்துக்கொண்டது. வண்டி என்னுடையது, டீசல் என்னுடையது, முதுகுவலி என்னுடையது. நடுவில் உட்கார்ந்தவனுக்குப் பதினெட்டு.

கம்பி என்னிடம் வந்தாள். “ஐயா, ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டர் இன்னொரு ஆபீஸ் கம்ப்யூட்டரை நேரா கேக்குற மாதிரி பண்ணிடறேன். நடுவுல யாரும் வேணாம்” என்றாள். எப்படிக் கேட்க வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒழுங்காக எழுதி வைத்த பேச்சுமுறை அது. படித்தவர்கள் புரோட்டோகால் என்பார்கள். நாற்பதாயிரம் பேசினோம். இரண்டாயிரம் முன்பணம் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் ஓடியது. என் ஆபீஸ் கணினி பக்கத்து ஊர்க் கணினியிடம் மூட்டை எங்கே என்று கேட்டது, அதுவும் மரியாதையாகப் பதில் சொன்னது.

அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, அதே பேச்சுமுறையை அவள் எனக்குப் போட்டியாகப் பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிற எதிர்க்கடைக்காரனுக்கும் கொடுத்திருக்கிறாள். சும்மா. இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டும் வைத்திருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்!

“ஏம்மா, நான் காசு குடுத்து பண்ண சொன்னத ஊருக்கெல்லாம் தூக்கி குடுத்திருக்கியே, நியாயமா?”

“நீங்க எங்க ஐயா காசு குடுத்தீங்க?”

“பேச்ச மாத்தாத. எதிர்க்கடைக்காரன் சும்மா வாங்குவான், நான் நாப்பதாயிரம் குடுக்கணுமா?”

“ஊர்ல நீங்க ஒருத்தர் மட்டும் போன் வச்சிருந்தா யாருக்கு ஐயா பேசுவீங்க? உங்க ஆபீஸ்ல மாட்டி குடுத்ததுக்குத்தான் காசு. பேச்சுமுறை எல்லாருக்கும் பொது.”

“சரி சரி, குடுத்துடலாம்” என்றேன்.

கொடுக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் வந்து கேட்டாள். ஒவ்வொரு மாதமும் “குடுத்துடலாம், பாக்கலாம்” என்றேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அது எனக்கு இன்னும் கோபம். கடன் கொடுத்தவன் கேட்காமல் இருப்பது, நீ ஒரு ஆளே இல்லை என்று சொல்வதுபோல.

போன வருடம் பெரிய கம்பெனி என் கணக்கை முடக்கியது. விதிமீறலாம். என்ன விதி, யார் மீறினார்? போன் போட்டால் ஒரு இயந்திரம் எண்ணை அமுக்கச் சொல்கிறது. அமுக்கினேன். நன்றி என்றது. பத்தொன்பது நாள் அதே நன்றி. அந்தப் பத்தொன்பது நாளும் என் வண்டிகள் ஓடியது கம்பியின் பேச்சுமுறையில்தான். அதிகமாக லோடு அனுப்பியது யார் தெரியுமா? எதிர்க்கடைக்காரன். அவனிடம் நன்றி சொல்லப் போனேன். “எனக்கு சொல்லாதீங்க, அவளுக்கு சொல்லுங்க” என்றான். நான் சொல்லவில்லை. சொன்னால் காசும் கொடுக்க வேண்டுமே.

இந்த நிலையில் அவளே ஒரு காலை ஆபீசுக்கு வந்தாள். இணையத்தின் பொது விதிகளை எழுதுகிற சங்கம் ஒன்று இருக்கிறது. அதில் அவளுடைய பேச்சுமுறைக்காக ஒரு பணிக்குழு தொடங்க மனுப் போட்டிருக்கிறாள். குழு அமைந்தால் அது உலகத்துக்கே பொது விதியாகும், எந்தக் கம்பெனியும் சொந்தம் கொண்டாட முடியாது. அமைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரே ஒரு கூட்டம். அதில் இதை நிஜமாக ஓட்டுகிற ஒருவர் வந்து உட்கார வேண்டும். ஐந்து ஆபீஸ்காரர்களைக் கேட்டாளாம். கம்பெனிக்குப் பயந்து ஐந்து பேரும் கையை விரித்துவிட்டார்கள். எதிர்க்கடைக்காரனும்தான்.

“பாக்கியை நான் கேக்கல ஐயா. வந்து உக்காருங்க, போதும்.”

“நான் எவனுக்கும் பயந்தவன் இல்ல” என்றேன். அது உண்மை.

கூட்டம் ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடியில். குளிரூட்டி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. எழுபது எண்பது பேர், எல்லார் கழுத்திலும் அடையாள அட்டைப் பட்டை, மடியில் கணினி. வண்டியை நிறுத்த இடம் தேடி நான் உள்ளே வருவதற்குள், நடத்துகிற அம்மா அவர்கள் வழக்கத்தைச் சொல்லி முடித்திருக்கிறார். அங்கே கை தூக்குவது கிடையாது. ஒன்றுக்குச் சம்மதம் என்றால் வாயை மூடிக்கொண்டு “ம்ம்” என்று முனக வேண்டும். எந்தப் பக்கம் சத்தம் பலமோ அதைக் கேட்டு அந்த அம்மா முடிவு சொல்வார். தன் முதலாளிக்குப் பயந்தவனும் முகம் தெரியாமல் முனகலாம் என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

கம்பி என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, “இத தினம் ஓட்டுறவர் இவர்தான்” என்று அறிமுகம் செய்தாள். எனக்கு எதிரே மேசையில் ஒரு மைக். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பெரிய கம்பெனியின் ஆள் எழுந்தார். பெயர் எனக்கு வேண்டாம், வெண்ணெய் என்றே சொல்கிறேன். பேச்சு அப்படி. பணிக்குழுவை அவர்கள் மனதார வரவேற்கிறார்களாம். ஒரே ஒரு சின்னத் திருத்தம். குழு என்ன செய்யப் போகிறது என்று கம்பி எழுதிய அரைப் பக்கத்தில், இந்த விதியின்படி நடப்பதாகச் சொல்கிற எவரும் பிறர் அனுப்பும் பார்சல் பதிவை ‘ஏற்க வேண்டும்’ என்று இருந்தது. அதை ‘ஏற்கலாம்’ என்று மாற்றிவிட்டால் போதுமாம்.

இப்போது என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாற்பது வருடம் டிரைவர்களோடு போனில் பேசினவன் நான். உம் கொட்டாவிட்டால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார்கள். யார் பேசினாலும் என் வாய் தானாக உம் கொட்டும். வெண்ணெய் என் பக்கம் திரும்பி, “ஐயா மாதிரி அனுபவசாலிங்களுக்கு தெரியும்” என்றார். ம்ம் என்றேன். “யாரையும் கட்டாயப்படுத்தி தொழில் பண்ண முடியாது.” ம்ம். “ஒரு சொல்லுதானே ஐயா?” என்று அவர் கேட்டதும், நடத்துகிற அம்மா, “சரி, மாத்தலாம்னு நினைக்கிறவங்க இப்ப சொல்லுங்க” என்றதும் ஒரே நேரம். “ம்ம்ம்ம்” என்றேன். மைக் அதை வாங்கிச் சுவரெல்லாம் அறைந்தது. வெண்ணெயின் ஆட்கள் ஏழெட்டுப் பேர் முனகியது அதில் காணாமலே போனது.

“மாத்தறதுக்கு பலமான ஆதரவு கேக்குது” என்றார் அந்த அம்மா. “அதுவும் ஓட்டுறவங்க பக்கத்துலேருந்து.”

கம்பி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் ஏணியிலிருந்து விழுந்தவள் முகம் மாதிரி இருந்தது.

“என்ன பண்ணிட்டீங்க பெரியவரே?” என்று என் காதோரம் சொன்னாள். “இங்க ம்ம்னா சம்மதம். ஏற்கலாம்னு எழுதிட்டா, விதிப்படி நடக்கிறோம்னு அவங்க பலகை மாட்டிக்கலாம். உங்க பதிவை மட்டும் ஏத்துக்காம இருக்கலாம். மூணு வருஷ வேலை போச்சு.”

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. என் தொண்டையில் வந்த சத்தத்தை என்னைக் கேட்காமலே ஒருத்தர் தன் கணக்கில் எழுதிக்கொள்வதா? எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

“அம்மா, ஒரு நிமிஷம். நான் சம்மதம்னு சொல்லல. கேட்டுட்டு இருக்கேன்னு சொன்னேன். எங்க தொழில்ல உம் கொட்டறது மரியாதைக்கு. மரியாதைய புடிச்சுக்கிட்டு கையெழுத்து வாங்கறீங்களே, இதென்ன ஊர் வழக்கம்?”

அறையில் சிரிப்பு. வெண்ணெயும் சிரித்தார். “பரவாயில்ல ஐயா. ஆனா நான் சொன்னதும் தப்பில்லையே? ஏற்கலாம்னா ஏத்துக்குவோம்னுதானே அர்த்தம்?”

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது.

“லாம்னா என்னன்னு எனக்கு பாடம் எடுக்காதீங்க தம்பி. நான் அதுல பழம் தின்னு கொட்டை போட்டவன். இந்த பொண்ணுக்கு நான் முப்பத்தெட்டாயிரம் பாக்கி. மூணு வருஷமா கேக்கும்போதெல்லாம் குடுத்துடலாம்மா, பாக்கலாம்மான்னு சொன்னேன். குடுத்தேனா? ஒத்த பைசா குடுக்கல. குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பா. குடுக்கணும்னு எழுதி குடுத்திருந்தா வாங்கியிருப்பா. அதனாலதான் லாம்னு சொன்னேன். லாம்னு சொல்றவன் மனசு எனக்கு தெரியும், ஏன்னா அது என் மனசு. நீங்க எங்க பதிவை ஏத்துக்க மாட்டீங்க. பாக்கலாம்னு சொல்லிக்கிட்டே எங்களை தெருவுல நிறுத்துவீங்க. ‘ஏற்க வேணும்’னே இருக்கட்டும்!”

சொல்லி முடித்த பிறகுதான் எண்பது பேருக்கு முன்னால் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் கணக்கை நானே சந்தியில் வைத்து உடைத்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. வெண்ணெயின் மேல் பாதி, என் மேல் பாதி.

நடத்துகிற அம்மா மறுபடியும் கேட்டார். ‘வேண்டும்’ என்பதே இருக்கட்டும் என்பவர்கள்? மேடேறும் லோடு லாரி மாதிரி முனகினேன். இந்த முறை மைக்கை நான் வேண்டுமென்றே கிட்டே இழுத்துக்கொண்டேன். ஆனால் தேவையிருக்கவில்லை. பின்வரிசை முழுக்கத் தேன்கூடு மாதிரி எழுந்தது. வெண்ணெய்க்குப் பக்கத்திலேயே கழுத்தில் அவர் கம்பெனிப் பட்டை போட்ட ஒரு பையன் உதடு அசையாமல் முனகினான், நான் பார்த்தேன். பணிக்குழு அமைந்தது. சொல் மாறவில்லை.

நல்லபடி முடிந்தது என்று நினைக்காதீர்கள். குழுவுக்கு இரண்டு தலைவர்கள் என்றார்கள். ஒருவர் ஏதோ பேராசிரியர். இன்னொருவர் வெண்ணெய்! கம்பியின் பெயர் வரைவை எழுதுகிறவள் என்று கீழே இருக்குமாம்.

வண்டியில் வரும்போது கத்தினேன். “ஏம்மா, சோறு ஆக்கினவ நீ, பந்தியில தலைவாழை அவனுக்கா? உனக்கு ரோஷமே கிடையாதா?”

“இருக்கு ஐயா. அதை வரைவுல எழுதிட்டேன்” என்றாள். “தலைவர் அதை மாத்த முடியாது. எல்லாரும் முனகணும்.”

“சம்பளம்?”

“அதுக்கெல்லாம் யாரும் குடுக்கறதில்ல.”

எல்லாருக்கும் பொது என்றால் கூலி கொடுக்க ஒருவனும் இல்லை!

நேராக என் ஆபீசில் நிறுத்தினேன். மூன்று பட்டதாரிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும். கல்லாவைத் திறந்தேன். “கைய நீட்டும்மா.”

“இப்பவே வேணாம் ஐயா, அப்புறம் பாக்கலாம்” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. கண்ணில் மட்டும் இருந்தது.

“வாய மூடிக்கிட்டு கைய நீட்டு.”

நீட்டினாள். இடுக்கி பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. ஐந்நூறு ஐந்நூறாக வாய்விட்டு எண்ணி அந்தக் கையில் வைத்தேன். எழுபத்தைந்து வரை தடையில்லை. எழுபத்தாறாவது நோட்டில் ஓரம் கிழிந்திருந்தது.

“இது செல்லுமா ஐயா?”

“செல்லலாம்” என்றேன்.

கையை மடக்காமல் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே அதைத் திரும்ப எடுத்துக் கல்லாவில் போட்டு, மடிப்பில்லாத ஒன்றைத் தேடி எடுத்து, எழுபத்தாறு என்று உரக்கச் சொல்லி அவள் உள்ளங்கையில் வைத்தேன்.