நெஞ்சு வலியில் ஒரு தமிழ் வகுப்பு

நாகூர் போகும் வழியில் நெஞ்சு வலிக்கிறது. பயந்துபோய்ப் பேருந்திலிருந்து இறங்கி, வாசலில் நெல் காயும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் வடநாட்டுப் பெண், தமிழுக்குப் புதிது.

"குத்துதா? அடைக்குதா? எரியுதா?" கேட்டுவிட்டு, சரிதானா என்று நர்ஸைப் பார்க்கிறார்.

"எரியுது" என்கிறேன்.

"நான்தான் சார் சொல்லிக் குடுக்குறேன்," என்கிறார் நர்ஸ். "வெறுமனே வலிக்குதுன்னு இங்க யாரு சொல்றாங்க?"

ஈசிஜி எடுத்துப் பார்க்கிறார்கள். இதயத்தில் கோளாறு இல்லை; காலையில் தின்ற பஜ்ஜிதான். எனக்கு உயிர் வந்துவிடுகிறது.

எழுந்தவனை டாக்டர் ஆசையாகத் தடுக்கிறார்: "வேற எங்கயாவது கடுக்குதா? மரத்துப் போகுதா?"

இல்லை என்றதும், படித்த கேள்வி பரீட்சையில் வராத பிள்ளைபோல் அவர் முகம் வாடுகிறது.