பிரிட்ஜில் இருந்த ஸம்ஸம்

ரமழான் பிறை பதினாலு, மாலை ஆறு இருபது, காற்றே இல்லாத புழுக்கம். குடல் புற்றுநோய் ஈரலுக்கும் பரவியதால், எனக்கு முதலாவது கீமோ ஏற்றி மூன்றாம் நாள். "குளிர் கூடாது" என்று தாதி சொல்லியிருந்தார். நான் இளநீரையும் வெள்ளரிக்காயையும் விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் குளிர் என்றால் உடம்பைக் குளிர்விக்கும் சாப்பாடுதானே. நான் நோன்பு பிடிக்கவில்லை. ஆனாலும் நோன்பு திறக்கும் நேரம் எல்லோருடனும் அமர்ந்து, ஐஸ் போட்ட சர்பத்தில் ஒரு மிடறு குடித்தேன். தொண்டை இறுகி, மூச்சே நின்றது போலிருந்தது.

"மனிசனுக்கு ஸக்கராத்து வந்திட்டு!" உயிர் பிரிகிறதென்று பதறிய மனைவி, கடைசி நேரத்துக்கென்று பிரிட்ஜில் வைத்திருந்த, மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீரை என் வாயில் ஊற்றிக் கலிமா சொல்லித் தந்தாள். தொண்டை இன்னும் இறுகியது. மகள் தாதிக்குப் போன் எடுத்தாள்.

"ஐஸ் தண்ணியா குடுத்தீங்க? பயப்பட வேணாம், அது குளிர் பட்டா வாற மருந்துட வேலை. சுடுதண்ணி குடுங்க."

குடித்ததும் தொண்டை திறந்தது. "என்ன மௌத்தாக்கப் பாத்தியே புள்ள" என்றேன் மனைவியிடம்.

"அல்ஹம்துலில்லாஹ், வாய் திறந்திட்டு" என்றாள்.

இப்போது தாதி எதைச் சொன்னாலும் திருப்பிக் கேட்டுத் தெளிந்துகொள்கிறேன். ஐந்தாவது கீமோவும் சுகமாக முடிந்தது. எங்கே போனாலும் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க் கூட வரும். 'குளிர்' என்றால் என்னவென்று படித்த செலவு, அந்தப் பிளாஸ்க்கின் விலை, நாலாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.