கல்யாணக் குதிரைக்குக் காய்ச்சல்

போன வாரம் அக்கா மகனுக்குக் கல்யாணம். தெமியாங்கில் மண்டபம். மாப்பிள்ளை குதிரையில் வந்து இறங்க வேண்டும் என்று யோசனை சொன்னது யார்? அடியேன்தான். பத்திரிகையில் குதிரைப் படம் போடச் சொன்னதும் அடியேன்தான்.

குதிரைக்காரர் சுகு, ரெம்பாவ் பக்கம் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் கொட்டகை போட்டு இரண்டு குதிரை வளர்க்கிறார். முன்பு பந்தயத் திடலில் குதிரைகளைப் பராமரித்தவர். கல்யாணத்துக்கு வருவது வெள்ளைக் குதிரை, மல்லி.

கல்யாணத்தன்று காலையில் போன் செய்தார்.

“அண்ணே, மல்லி நேத்திலேருந்து சரியா திங்கல. ஒடம்பும் சூடா இருக்கு. இன்னிக்கு வேணாமேண்ணே...”

“இன்னொன்னு இருக்குல்ல?”

“அது மேளத்துக்கு மெரளும்ண்ணே.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னா சுகு, கடைசி நேரத்துல? படம் போட்டு ஊருக்கே பத்திரிகை குடுத்தாச்சுலா! ரோட்டு முனையிலேருந்து மண்டபம் வரைக்கும் ஒரு நடை. அப்புறம் ரெஸ்ட் எடுக்கட்டும்.”

 “சரிண்ணே” என்றார் சுகு.

உறுமி மேளம் காதைக் கிழித்தது. மல்லி காதைக்கூட அசைக்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாப்பிள்ளையைச் சுமந்து வந்தது. “எவ்ளோ அடக்கமா வருது பாருங்க!” என்றார் சம்பந்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை — ஏதோ நானே பழக்கியது போல.

எதிர்த்துக்கொள்ளாதவர்களை நமக்குத்தான் எவ்வளவு பிடிக்கிறது! வீட்டிலும் சரி, வேலையிடத்திலும் சரி... அடக்கம் என்று பாராட்டிவிட்டுப் போகிறோம். முடியாமல் நிற்கிறார்களோ என்று யார் கேட்கிறோம்?

வாசலில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப் போனார்கள். கொஞ்சம் கழித்து வெளியே வந்தேன். மல்லி நின்ற இடத்தில், தார் ரோட்டில், சிவப்பாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஆரத்தித் தண்ணீரை நட்ட நடு வழியிலா கொட்டுவார்கள்? “மிதிச்சிடாதீங்க, சுத்திப் போங்க” என்று வந்தவர்களை விலக்கிவிட்டேன்.

சுகு என் கையைப் பிடித்தார். “அண்ணே... அது ஆரத்தி இல்ல. மல்லியோட மூத்திரம்.”

குதிரையின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெளுத்து, மஞ்சள் பூத்திருந்தது.

மல்லியை ஏற்றிய லோரிக்குப் பின்னாலேயே நானும் ரெம்பாவுக்குப் போனேன். கால்நடை மருத்துவர் வந்து ரத்தம் எடுத்தார், ஊசி போட்டார். உண்ணி கடித்து வருகிற நோயாம். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ரத்தத்தில் இறங்கி, சிவப்பணுக்களை உடைத்துவிடுகிறது. அந்தச் சிவப்புதான் மூத்திரத்தில் வெளியேறியது. செம்பனைக்கு அடியில் மாடுகள் மேய்கிற இடம் அது, புல்லெல்லாம் உண்ணி. சுகு தினமும் பார்த்துப் பார்த்துத்தான் பொறுக்குவார். காதுக்குள் ஒளிந்திருந்த இரண்டு அன்றைக்குத்தான் கிடைத்தன.

“காய்ச்சலோட லோரியில ஏத்தி, வெயில்ல ஆளையும் சொமக்க வச்சிருக்கீங்களே!” என்று மருத்துவர் சுகுவைக் கடிந்துகொண்டார்.

சுகு தலை குனிந்து நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது... எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மல்லி செத்துப்போனது. தோட்டத்து மண்வாரி இயந்திரம் வந்து குழி தோண்டியது. சுகு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே அழுதார். ஆறுதல் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? 

மண் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் போன் வந்தது. பகாவில் ஒரு கல்யாணமாம், குதிரை வேண்டுமாம். மிஞ்சிய குதிரைக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை.

“குதிரைக்கு ஒடம்பு சரியில்ல, வராது” என்றார். எதிர்முனை விடுவதாக இல்லை போலிருக்கிறது. “வராதுன்னா வராதுலா!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

அன்று காலையில் எனக்கும் இதையேதான் சொன்னார். என்ன... மரியாதையாகச் சொல்லிவிட்டார்.