மாவுக்கு மேலே மூன்று அடுக்குத் தார்

பிள்ளைகள், நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையில் நான் மனேச்சராக இருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கடையின் கூரை எத்தனை நாள் என் சோற்றைத் தொண்டையில் நிறுத்தியது என்பது தெரியாது. நீங்கள் அப்போது சின்னவர்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நான் எழுதுகிறேன், கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் வாசியுங்கள்.

சுற்றியிருந்த கடைகளெல்லாம் ஓட்டுக் கூரை. எங்கள் சங்கம் மட்டும் கொங்கிறீற்றில் தட்டையாகப் போட்டிருந்தது. பிறகு மேல்மாடி கட்டலாம் என்று தூண்களின் இரும்புக் கம்பிகளை அறுக்காமல், கூரைக்கு மேலே ஒரு முழத்துக்கு நீட்டி விட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தட்டைக் கூரை என்றால் கம்பி நிற்கும். கட்டடம் முடிந்துவிட்டது என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு மாரியில் அந்தக் கூரை ஒழுகியது. பதினொரு மூட்டை கோதுமை மா கல்லுப்போல இறுகிப்போயிற்று. சீமெந்து பூசிப் பார்த்தோம். பங்குனி வெயிலுக்கு அது வயல் வெடிப்பதுபோல வெடித்தது. தகரம் போடலாம் என்று நான் சொன்னேன். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மாஸ்ரர் என்றுதான் ஊரே சொல்லும். "தகரத்தைப் போட்டிட்டு அதுக்கு மேலை மேல்மாடியோ?" என்று அந்தப் பேச்சை வெட்டிவிட்டார். மிஞ்சியது தார்.

தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில் கொஞ்ச மாதம் கொழும்புப் பாதை திறந்திருந்தது. அங்கே கூரை வேலைச் சாமான் விற்கும் ஒரு கடைக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. தார் ஊறிய தடித்த கறுப்புத் தாள் பாய்போலச் சுருளாக வரும். கொதிக்கும் தாரை ஊற்றி அதன்மேல் தாளை விரிக்க வேண்டும். மறுபடி தார், மறுபடி தாள். மூன்று அடுக்கு வேண்டும், கடைசியில் வெயில் தாருக்குப் படாமல் கல்லுச்சல்லி பரப்ப வேண்டும். ஒரு அடுக்கு மட்டும் போடுவது ஓட்டைக் குடையைப் பார்த்து வாங்குவதுபோல என்று அந்தக் கடைக்காரர் எழுதியிருந்தார். மடிப்பில் கிழியும்வரை அந்தக் கடிதத்தை வாசித்தேன்.

மூன்று அடுக்குக்கு ஓடர் கொடுத்தோம். வைகாசியில் முதல் லொறி பாதிச் சுருளும் ஐந்து பீப்பாத் தாரும் கொண்டுவந்தது. மிச்சம் ஆனியில் என்றார்கள். ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது, பாதை பூட்டுப்பட்டது. மிச்சம் வரவேயில்லை.

கையில் இருந்த சுருளை அளந்து பார்த்தோம். முழுக் கூரைக்கும் போட்டால் ஒன்றரை அடுக்கு. பின்பாதிக்கு மட்டும் போட்டால் மூன்று, ஒரு சுருள் மிஞ்சும். முன்பாதியில் கடை, பின்பாதியில் மா அடுக்கும் களஞ்சியம். இதை யார் தீர்மானிப்பது? கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஸ்ரோருக்குப் பொறுப்பு நீர்தானே காணும்" என்றார் மாஸ்ரர்.

அந்த நேரம்தான் குருநகர்க்காரர் ஒருவர் எங்களுக்குக் கிடைத்தார். யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கச் சண்டையில் வீட்டை விட்டு, பெண்சாதி பிள்ளைகளோடு கரவெட்டியில் தங்கியிருந்த மனிதர். மீன்பிடி வள்ளங்களுக்குத் தார் பூசிக் கைபழகியவர். கடலில் இறங்கத் தடை, அதனால் வேலை இல்லை. கூரையில் ஏறி, குந்தியிருந்து, உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

"வள்ளத்துக்குத் தண்ணி கீழாலை வரும். உங்களுக்கு மேலாலை வருது. அவ்வளவுதான் மனேச்சர் வித்தியாசம்."

"ரண்டு அடுக்கோ மூண்டோ அண்ணை?"

"சாமான் இருக்கிற இடத்துக்கு மூண்டு. ஆக்கள் நிக்கிற இடத்துக்குச் சாக்கைத் தாரிலை தோய்ச்சு விரிப்பம். ஆக்கள் நனைஞ்சால் காயுவினம், மா காயுமே?"

எனக்கு அது சரியாகப் பட்டது. பிறகு அவர் எழுந்து, களஞ்சியத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்ற நாலு தூணின் கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டினார்.

"உதுகளை அறுக்கவேணும். தாளை எவ்வளவு வடிவாய் விரிச்சாலும் கம்பியடியிலை வந்து நிண்டிடும். தண்ணி கம்பியைப் பிடிச்சுக்கொண்டு இறங்கும்."

மாஸ்ரர் படியில் நின்று இதைக் கேட்டுவிட்டார். "அறுக்கிறதோ! பிறகு மேல்மாடியை என்னத்திலை கட்டுறது? பதினெட்டு வருசமாய் உந்தக் கம்பியளைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"பாத்துக்கொண்டிருந்தால் வளர உது முருங்கையே மாஸ்ரர்?"

நான் சிரித்துவிட்டேன். மாஸ்ரர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கட்டடத்துக்குக் காசு சேர்க்க வீடுவீடாக ஏறி இறங்கியவர் அவர். "மனேச்சர், நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். குருநகர்க்காரர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் "கம்பி நிக்கட்டும் மாஸ்ரர், அடியிலை நல்லாய்ச் சுத்திக் கட்டுவம்" என்றுதான் என் வாய் சொன்னது. குருநகர்க்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கடல் இருக்கும் வடக்குப் பக்கம் பார்த்தார்.

வேலை தொடங்கியது. குருநகர்க்காரர் காலையிலே ஒரு துண்டுத் தாளைக் கூரையில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, மத்தியானம் தூக்கிப் பார்ப்பார். அடிப்பக்கம் வேர்த்திருந்தால் அன்று வேலை இல்லை. "ஈரத்துக்கு மேலை தாரை ஊத்தினால் அப்பம்மாதிரிப் பொங்கும்" என்பார். தண்ணீர் வடியும் பதிவான பக்கம் தொடங்கி மேட்டுப் பக்கமாக, ஒரு தாளின் கரை மற்றத் தாளின்மேல் ஏறும்படி விரித்தார். கீழ் அடுக்கின் பொருத்துக்கு நேரே மேல் அடுக்கின் பொருத்து வரவிடமாட்டார்.

என் பயம் வேறு. தாரை உருக்கப் பனங்கொட்டை ஊமலும் பனம்மட்டையும் எரித்தோம். பீப்பாவில் இருந்து கறுப்புப் புகை எழும்பியது. ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டால், புகையைக் கண்டு சுடுவார்கள் என்று நான் அடுப்பை மண் போட்டு மூடச் சொல்லிக் கத்துவேன். தார் இறுகிவிடும், மறுபடி முதலில் இருந்து உருக்க வேண்டும். நாலு நாள் வேலைக்குப் பன்னிரண்டு நாள் போயிற்று. மூன்றாம் அடுக்கு முடிந்து, முன்பாதிக்குச் சாக்கும் விரித்து, கூரை கன்னங்கரேலென்று மினுங்கியபோது சந்தை வியாபாரிகள் திரண்டு வந்துவிட்டார்கள்.

"மனேச்சர், மேலையிருந்து பாக்கிறவனுக்கு உது என்னெண்டு தெரியும்? எங்களையும் சேத்தெல்லோ சுடப்போறான்!"

மினுக்கம் மறைய வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை உடைத்துச் சல்லியாகப் பரப்பினோம். தாருக்கு வெயில் படாமல் இருக்க என்று கடைக்காரர் எழுதிய அதே கல். வியாபாரிகளே கடகத்தில் சுமந்து ஏற்றித் தந்தார்கள்.

மிஞ்சிய ஒரு சுருளை மட்டும் முன்பாதிக்குப் பாவிக்க நான் விடவில்லை. என் மேசைக்கு அடியில், காலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். மிஞ்சிய அரைப் பீப்பாத் தாரையும் வெளியில் விட மனமில்லை. தார் எங்கேயும் கிடைக்காத காலம், களவு போய்விடும். களஞ்சியத்துக்குள் உருட்டிப் பூட்டினேன்.

ஐப்பசியில் பருத்தித்துறைக்குக் கப்பலில் நிவாரண மா வந்தது. எங்கள் கடையில் பதிந்த குடும்பங்களோடு இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கும் சேர்த்து எங்களுக்கு ஒதுக்கினார்கள். களஞ்சியம் கூரை முட்ட நிறைந்தது. அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டேன். மூட்டை இறக்கியவர்கள் கையை விரித்தார்கள்.

மூன்றாம் நாள் காலை மழை பிடித்தது. நான் களஞ்சியத்துக்குள் போய் நிமிர்ந்து நின்றேன். ஒரு மணித்தியாலம் ஒன்றுமில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். உங்கள் அம்மா கேட்டா: "இஞ்சாருங்கோ, ஏன் எங்கடை முகட்டைப் பாத்துப் பாத்துச் சாப்பிடுறியள்? உது ஓலை. ஒழுகினால் ஒழுகட்டும், சோத்துக் கோப்பையைத் தள்ளி வைப்பம்." கையைக் கழுவிக்கொண்டு திரும்பவும் போனேன்.

இரண்டாம் நாள் மழையில், தென்கிழக்கு மூலைத் தூணில் ஒரு கறுத்த கோடு தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம். மூன்று அடுக்கும் விரித்த இடத்தில் ஒரு பொட்டு இல்லை. குருநகர்க்காரர் சொன்னதுபோல, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கியது. அந்தத் தூணில் சாய்த்து அடுக்கிய மூட்டைகளை, மூட்டை தூக்கும் நாட்டாமைமாரோடு சேர்ந்து இழுத்தேன். வைக்க இடம் இல்லை. கடைக்குள்ளே, பாதையிலே, என் மேசைமேலே அடுக்கினோம். ஒரு மூட்டை அடி நனைந்துவிட்டது. பின்னேரத்துக்குள் மற்றொரு தூணும் வேர்க்கத் தொடங்கியது.

மாஸ்ரருக்கு ஆள் அனுப்பினேன். சைக்கிளில் ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தூணைத் தொட்டார். விரலைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் இரும்பு அறுக்கும் வாளோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மழைக்குள் கூரையில் ஏறினார்.

மழையைக் கண்டு கூரையைப் பார்க்க வந்திருந்த குருநகர்க்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "இப்ப அறுத்தால் ஓட்டையை மூட ஏலாது மாஸ்ரர். ஈரத்திலை தார் பிடியாது. முதல்லை தொப்பி போடுவம்."

நாலு தூணின் கம்பிகளுக்கும் பெரிய வாளிகளைத் தேடிக் கவிழ்த்து, அடியைச் சாக்கால் இறுக்கிக் கட்டினோம். அந்த வாளிகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் கழிந்தது. தூண் மேலும் நனையவில்லை. மூன்றாம் நாள் வெயில் எறித்தது. கூரை காய்ந்த பிறகு மாஸ்ரர் தானே வாளை எடுத்தார். பதினாறு கம்பி. நாங்கள் மாறிப் பிடிக்கிறோம் என்றாலும் விடவில்லை. கடைசிக் கம்பி விழுந்ததும் அதைக் கையில் எடுத்து, "நல்ல கம்பி காணும்" என்றார். அவ்வளவுதான்.

மேசைக்கு அடியில் இருந்த சுருளைக் கொண்டுவந்தேன். குருநகர்க்காரர் அதைக் கண்டதும், "மனேச்சர், நீங்கள் அதுக்குமேலை காலை வைச்சுக்கொண்டிருந்த நேரம் எனக்கு நல்ல கோவம்" என்று சிரித்தார். அறுத்த இடங்களில் மூன்று துண்டு, ஒன்றைவிட ஒன்று பெரிதாக, தாரோடு ஒட்டினார். கார்த்திகை முழுக்கக் கொட்டிய மழைக்கு ஒரு துளி இறங்கவில்லை. நனைந்த அந்த ஒரு மூட்டையோடு தப்பினோம்.

மார்கழித் தொடக்கத்தில்தான் பங்கிடச் சொல்லி உத்தரவு வந்தது, மா கொடுக்கத் தொடங்கினோம். வரிசை சந்தைவரை நின்றது. முதலில் நின்ற வயதான மனிசி மாவை வாங்கிய உரப்பையைத் திறந்து மோந்து பார்த்தா. திரும்பவும் மோந்தா.

"தம்பி, இது திங்கிற மாவோ, றோட்டுக்குப் போடுற மாவோ?"

நானும் அள்ளி மோந்தேன். தார். பூட்டிய களஞ்சியத்துக்குள் ஒன்றரை மாதம் மாவுக்குப் பக்கத்தில் நின்ற அந்த அரைப் பீப்பா. கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவன் பக்கத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. என் முகம் போன போக்கைக் கண்டு அந்த மனிசியே சொன்னா: "பரவாயில்லை தம்பி, நனையாமல் தந்தியே. அவிச்சால் போயிடும்."

அவித்தும் போகவில்லை. நீங்கள் அந்த மாரி முழுக்கத் தின்ற புட்டு அந்த மாதான். மூத்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றான். கடைக்குட்டி மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டாள்.