முறுக்கினால் உட்காரும் என்று சொன்னேன்

மூத்த பேரன் கப்பலில் செகண்ட் இன்ஜினியர் ஆகிவிட்டான். அடுத்தவள் பி.எட். முடித்துக் கணக்கு டீச்சர். கடைக்குட்டி கேரம் போர்டில் ஜெயித்து, கப்பை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். நடுவில் பிறந்த செல்வி பல் டாக்டர், அதிலும் மேல்படிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பெருமையடிக்காமல் இருக்க முடியுமா... பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குச் சொல்ல வந்தது செல்வி கதை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நனைந்த மணலில் கருப்பட்டிக் கழிவுப் பாகைக் கலந்தால் ஒரு வாடை வரும். உருகிய பித்தளை அதில் இறங்கும்போது அந்த வாடை தொண்டைக்குள் இனிப்பாகவே கரியும். கல்யாணமான புதிதில் என் சேலையெல்லாம் அந்த வாடைதான்.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரருக்கு ஒரு வார்ப்புப் பட்டறை இருந்தது. வள்ளத்தின் சுக்கானைப் பிடித்துக்கொள்கிற பித்தளைப் பட்டையை அங்கே வார்ப்பார்கள். ஒரு பட்டைக்கு நான்கு துளை, நான்கு போல்ட். நான் மணல் சலித்துக் கொடுப்பேன். மர அச்சை அவர் கொஞ்சம் பெரிதாகவே செய்வார். ஏன் என்று கேட்டேன்.

"சூடு ஆறும்போது உலோகம் சுருங்கும்ளா. நம்ம சொன்ன இடத்துல நிக்காது."

எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குமா என்றால் அதுவும் இல்லை. வள்ளத்தில் பொருத்தும்போது கடைசித் துளை அரை நூல் அளவு விலகி நிற்கும்.

"அண்ணாச்சி, பட்டை வள்ளத்துக்கா, வள்ளம் பட்டைக்கா?" என்று வள்ளக்காரர்கள் கேலி செய்வார்கள்.

"நட்டை முறுக்குலே, தானா உக்காரும்" என்பார் இவர். உட்காரவும் செய்யும். மரம் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும்.

அந்த வார்த்தையை ஐம்பது வருஷம் கழித்து வேறொரு இடத்தில் சொல்லி நான் மாட்டிக்கொண்டேன்...

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கீழ்ப்பல் எல்லாம் போய்விட்டது. செல்வி தாடை எலும்பில் நான்கு இம்ப்ளான்ட் வைத்தாள். ஆணி மாதிரிதான். எலும்பு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். சில மாதம் போனதும் நான்கையும் சேர்த்துப் பிடிக்க, எங்கள் பித்தளைப் பட்டை மாதிரி ஒரு மெட்டல் பார், அதன்மேல் பல்வரிசை.

அவள் தனியாகச் செய்கிற முதல் பெரிய கேஸ் அது. அவளுக்கு மேலே இருக்கிற பெரிய டாக்டர் பார்த்துச் சரி என்றால்தான் அடுத்ததை அவள் கையில் கொடுப்பார். முந்தின நாள் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாற்காலியில் சாய்ந்தேன். பார் உள்ளே போனது. ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் திருகினாள். மூன்றாவதைத் திருகும்போது தாடையை யாரோ இழுத்துக் கட்டுவது போல இருந்தது.

"ஆச்சி, இறுக்கிப் பிடிக்கா? உண்மையச் சொல்லு."

"இல்லளா, நல்லாத்தான் இருக்கு. லேசா எழும்புனா முறுக்கு, தானா உக்காரும்."

பொய். கதவுக்கு வெளியே பெரிய டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. என் பேத்தி அவர் முன்னால் தலைகுனியக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

செல்வி என் முகத்தையே பார்த்தாள். அவர் உள்ளே வந்து நின்றதும், ஒரு ஓரத்து ஸ்க்ரூவை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றினாள். ஸ்க்ரூ இருந்த ஓரம் ஒட்டியிருந்தது. மறு ஓரம் ஒரு முடி நுழைகிற அளவு எழும்பி நின்றது. கண்ணாடியில் எனக்கும் காட்டினாள்.

"சார், இது உக்காரல. வேற செய்யணும்."

குரல் நடுங்கவில்லை.

"ஆச்சி நல்லா இருக்குன்னாங்களே?" என்றார் அவர். வெளியில் கேட்டிருக்கிறது.

"ஆச்சி பொய் சொல்லுதா, சார்."

அவர் குனிந்து பார்த்தார். "வேற செய். செஞ்சிட்டுக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தும் நான் விடவில்லை. "மரம்னா முறுக்குனா அமுங்கும். எலும்பு அமுங்காதா?"

"சொந்தப் பல்லுன்னா வேரைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும் ஆச்சி, கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும். இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. முறுக்கி உக்கார வச்சா அந்த இழுப்பு அங்கனயே நிக்கும். இன்னைக்குத் தெரியாது. ஒருநாள் ஸ்க்ரூ லூஸாகும், இல்லன்னா ஒடியும்."

"அப்போ பார் செய்யுற உங்க லேப்லயும் உலோகம் சுருங்கத்தான் செய்யுதா?"

முதல் பார் வார்த்ததாம். மெழுகில் செய்து, அச்சுக்குள் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி... எங்கள் பட்டறையேதான், சின்னதாக! ஒற்றைப் பல் என்றால் வார்ப்பே பெரும்பாலும் பிசகாமல் உட்காருமாம். நான்கையும் சேர்த்து நீளமாக வரும்போதுதான் சுருக்கம் வேலையைக் காட்டுகிறது. அதை வெட்டித் திரும்ப ஒட்டவும் செய்யலாமாம். இவள் வேறு வழி பார்த்தாள். கம்ப்யூட்டரில் அளவெடுத்து, முழு உலோகக் கட்டியிலிருந்து மெஷினால் கடைந்து எடுப்பது. ஊற்றுவதே இல்லை, அப்புறம் எங்கே சுருங்க! உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிக் கட்டுகிற வகையும் இருக்கிறதாம். அதை நேரில் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

"அளவையே தப்பா எடுத்துட்டா?"

"மெஷினும் தப்பாத்தான் வெட்டும். அது என்ன, சாமியா?"

இரண்டாவது பார் வந்தது. முதலில் ஒரே ஒரு ஸ்க்ரூ. மறுமுனை எழும்பவில்லை. நான்கையும் திருகிய பிறகும் தாடையில் ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றுமே தெரியாமல் இருப்பதுதான் சரியான பொருத்தம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். பெரிய டாக்டர் பார்த்தார், தலையசைத்தார். அடுத்த கேஸ் அவள் கைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் துளை விலகினால் நாங்கள் முறுக்கி மறைத்தோம். மரம் பொறுத்துக்கொண்டது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது டூவீலர் நிறுத்துகிறார்கள். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால், முடியளவு இடைவெளிக்கா திரும்பச் செய்தாள் என்று கேட்டிருப்பார்... அப்புறம் அந்தப் புது பாரை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்திருப்பார்.

ஏளா செல்வி, உன் இணையப் பக்கத்தில் சரியாக உட்கார்ந்த பார் படம் மட்டும்தான் இருக்கிறது. உட்காராததை நீ மேசை டிராயரில் வைத்திருப்பது எனக்குத் தெரியும். அதை என் வாயை அளவெடுத்துச் செய்த அச்சின்மேல் வைத்து, ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டு, எழும்பி நிற்கிற ஓரம் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு போட்டோ எடுத்துப் போடு. நான்தான் முதல் லைக்.