நீலப் பெட்டி போனால் ஆர்டர்

1988 சித்திரையில், ஓசூர்த் தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் கம்பெனியில் ஒரு புரட்சி நடந்தது. புரட்சி என்று சொன்னது நான் மட்டும்தான். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் பாஷா பாய் அதற்கு "தம்பியோட டப்பா வேல" என்று பெயர் வைத்தார்.

அதுவரை பிராக்கெட் என்கிற இரும்புத் தாங்கி வேண்டுமென்றால் இண்டெண்ட் சீட்டு எழுதி ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஐவரில் ஒருவர் எப்போதும் டீ குடிக்கப் போயிருப்பார். அசெம்பிளி லைன் நின்றுவிடும். பிளானிங் கிளார்க்காக இருந்த நான் சொன்ன வழியில் காகிதமே கிடையாது. பிராக்கெட் வரும் நீலப் பிளாஸ்டிக் பெட்டி காலியானால், டெம்போவில் குருபரப்பள்ளி முனிரத்தினத்தின் பட்டறைக்குப் போகும். காலிப் பெட்டிதான் ஆர்டர். நிரம்பித் திரும்பி வரும்.

ஒர்க்ஸ் மேனேஜர் ராவ் சார் ஒரு நிபந்தனை போட்டார்.

"மூணு மாசம் பாக்கறேன். பிராக்கெட் இல்லாம ஒரு தடவ லைன் நின்னாலும் பழைய இண்டெண்ட்தான். நீ மறுபடி டைம் ஆபீஸ்ல கார்டு அடுக்கப் போயிடு."

டைம் ஆபீஸில் ஏற்கெனவே சில வருடங்கள் வெந்தவன் நான். அங்கே மின்விசிறிகூடக் கிடையாது.

முதல் மாதம் லைன் பாட்டுப் பாடாத குறையாக ஓடியது. நான் விசில் அடித்துக்கொண்டே நடந்தேன். பிறகு பெட்டிகள் குறைய ஆரம்பித்தன. லைன் நிற்கக் கூடாதே என்று பாஷா பாய் குறையக் குறையப் புதுப் பெட்டிகளை இறக்கினார். பழையவை எங்கே போகின்றன என்று தெரியவில்லை.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் தெரிந்தது. தக்காளி எங்கள் பெட்டியில். மாங்காய் எங்கள் பெட்டியில். ஒன்றில் கோழி உட்கார்ந்திருந்தது.

"இது எங்க கம்பெனிப் பெட்டிம்மா" என்றேன் கோழிக்கார அம்மாவிடம்.

"ஆமா சார், எம் மவன் அங்கதான் வேல செய்றான். எம்மாம் நல்ல பொட்டி! இன்னும் ரெண்டு கெடைக்குமா?"

மறுநாள் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டோம்: பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டால் யாரையும் எதுவும் கேட்க மாட்டோம். அடுத்த காலை தேன்கனிக்கோட்டை பஸ்ஸின் கூரை முழுக்க நீலம். அக்கம்பக்கத்துக் கம்பெனியின் பச்சைப் பெட்டிகூட இறங்கியது. காலிப் பெட்டி வந்தால் டெம்போவில் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஆட்கள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஏற்றினார்கள்.

மூன்று மாதம் முடிகிற வாரம் முனிரத்தினம் டெம்போவின் முன்சீட்டில் தானே வந்து இறங்கினார், கையில் மைசூர்பாகுப் பொட்டலத்தோடு.

"என்னா சார், எக்ஸ்போர்ட் ஆர்டரா? சொல்லவேயில்லயே! மச்சானுங்க எல்லாரையும் பிரஸ் மிஷின்ல நிக்க வெச்சிட்டேன்!"

பின்னாலேயே இன்னொரு டெம்போ. அதன் பின்னால் இன்னொன்று. ஸ்டோர்ஸ் நிரம்பி, கேன்டீன் வராந்தா நிரம்பி, சைக்கிள் ஸ்டாண்டும் நிரம்பியது. ராவ் சார் அறை வாசலிலும் அடுக்கியிருந்ததால் அவர் பக்கவாட்டில் நெளிந்து வெளியே வந்தார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

"ஏன்ரீ இது?" என்னய்யா இது என்று அர்த்தம்.

டைம் ஆபீஸின் புழுக்கம் அப்போதே என் முதுகில் ஏறியது. பாஷா பாய்தான் முன்னால் வந்தார்.

"மூணு மாசம் முடிஞ்சிது சார். லைன் ஒரு தடவகூட நிக்கல."

ராவ் சார் பெட்டிகளைப் பார்த்தார். முனிரத்தினத்தின் மைசூர்பாகைப் பார்த்தார். அவர் தொப்பை மெல்லக் குலுங்க ஆரம்பித்தது.

"நிக்காது பாய். தீபாவளி வரைக்கும் நிக்காது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே என் முறைக்கு ஒப்புதல் கொடுத்தார். உபரிப் பெட்டிகளைப் பூட்டி வைத்தோம். என் வேண்டுகோளின்படி தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் வீட்டுக்கென்று ஒரு மஞ்சள் பெட்டி கொடுத்தார்கள். அதன்பின் நீலப் பெட்டி ஒன்றுகூடக் கேட்டைத் தாண்டவில்லை.

பின்னாளில் எத்தனையோ வேலைமுறைகளை மாற்றினேன், கம்ப்யூட்டர் வைத்தும். ஒவ்வொரு முறையும் முதல் கூட்டத்தில் ஒரே கேள்விதான் கேட்பேன்: "இதுல வீட்டுக்கு எடுத்துட்டுப் போற மாதிரி என்னா இருக்குது?" இளைஞர்கள் சிரிப்பார்கள். அவர்கள் அந்தக் கோழியைப் பார்த்ததில்லை.